மகள் கல்லூரியில்தான் பாடம் நடத்துவேன் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

போன வாரம் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது, மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நீங்கள் கேட்ட கேள்வி மனதிலேயே இருக்கிறது. "எம்.ஏ. தமிழ் கடைசி வருஷம் சார். காலேஜ்லதான் வேலை பார்ப்பேன்னு நிக்கிறா. பேசாம பி.எட். சேர்த்துடட்டுமா?" அன்று கூட்டம் அதிகம், அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. அரசுக் கலைக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. அதே கல்லூரியில், அதே ஸ்டாஃப் ரூமில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே பாடத்தை எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு, அதாவது தற்காலிகமாக வேலை பார்ப்பவருக்கு, உயர்த்திக் கொடுத்த பிறகும் 2025 நிலவரப்படி 25,000தான். அதுவும் வருடத்தில் 11 மாதத்துக்கு. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2019இலேயே இவர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இந்த 25,000கூடக் கிடையாது.

போன வருடம் ஒருவர் வந்தார். வயது 38, வரலாற்றில் பி.எச்டி. பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். முதல் பக்கத்திலேயே வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று கழுத்தில் மாலையோடு எடுத்த போட்டோ. ஒரு சுயநிதிக் கல்லூரியில் மாதம் 18,000 வாங்குகிறார். ஏப்ரல், மே வந்தால் வகுப்பு கிடையாது. பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். தலைக்கு இத்தனை என்று கணக்கு. ஆறு வருடம் சொந்தக் காசில் ஆராய்ச்சி செய்தவர், தங்கையின் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியதைச் சொல்லும்போது ஃபைலை மூடிவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவர் திறமையில் குறை இல்லை. எதை முதலில் செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது அதுதான்: முதலில் நெட் (கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வு), அப்புறம் பி.எச்டி.

யு.ஜி.சி. 2023 ஜூலையில் விதியைத் திருத்தியது. இப்போது உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் (மாநில அளவில் நடக்கும் அதே வகைத் தேர்வு) தேர்ச்சியும் போதும், பி.எச்டி. கட்டாயமில்லை. பி.எச்டி. முடித்தவருக்கு நெட் வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். அதைக் காட்டித்தான் பலர் "நெட் கஷ்டம், நேராக பி.எச்டி. பதிவு பண்ணு" என்கிறார்கள். அப்படிப் போகிறவர் பெரும்பாலும் சொந்தக் காசில் போகிறார். நெட்டில் நல்ல மதிப்பெண் வாங்கி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவருக்கோ முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதன்பிறகு 42,000. சுயநிதிக் கல்லூரிச் சம்பளத்தைவிட இது கூடுதல், அம்மா. படிக்கிற பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கு முன்பெல்லாம் படிப்பு, பணி அனுபவம், நேர்முகம் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு எடுத்தார்கள். 2024 மார்ச்சில் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) 4,000 இடங்களுக்கு அறிவித்தபோது எழுத்துத் தேர்வைக் கொண்டுவந்தது. அந்தத் தேர்வு குறித்த நாளில் நடக்காமல் தள்ளிப்போனது, அதையும் மறைக்க மாட்டேன். இந்தத் துறையில் காத்திருப்பு அதிகம். ஆனால் எழுத்துத் தேர்வு என்று வந்துவிட்டால், நெட்டுக்காகத் தொல்காப்பியத்தையும் சங்க இலக்கியத்தையும் ஊன்றிப் படித்தவள் முன்னால் நிற்பாள். ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் பலன் தரும்.

நெட் வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுழற்சிகளில் வரும். இறுதியாண்டில் இருக்கும்போதே எழுதலாம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். இரண்டாம் தாள் தமிழ், 100 கேள்வி. அதில் உங்கள் மகள் தேறிவிடுவாள் என்று அவளிடம் பேசிய பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. குறுந்தொகைப் பாட்டு ஒன்றைக் கேட்டேன். பாட்டைச் சொன்னதோடு நிற்காமல், உரைகாரர்கள் எங்கே மாறுபடுகிறார்கள் என்றும் சொன்னாள். சிக்கல் முதல் தாளில். 50 கேள்வி, 100 மதிப்பெண். கற்பித்தல் திறன், ஆராய்ச்சி முறை, தர்க்கம், சதவீதக் கணக்கு, அட்டவணை பார்த்துப் பதில் சொல்வது. அந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் கிடையாது. தமிழ் இலக்கியப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ் தெரியாமல் யாரும் விழுவதில்லை. அதனால் தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம், முதல் தாளுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். பழைய வினாத்தாள் பத்தைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்க்கட்டும். கோச்சிங் சென்டருக்குப் பெரிய தொகை கட்ட இப்போது அவசியமில்லை.

பி.எட். கெட்ட யோசனை என்று சொல்லவில்லை. பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலை கௌரவமானது, நிரந்தரமானது. ஆனால் உடனே சேர்த்தால் இரண்டு வருடம் ரெக்கார்டு நோட்டிலும் டீச்சிங் பிராக்டிஸிலும் போய்விடும், படித்தது ஆறிப்போகும். நான்கு முறை நெட் எழுதட்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். நான்கிலும் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் பி.எட். சேருங்கள். அதை நானே அவளிடம் சொல்கிறேன்.

கல்யாணப் பேச்சையும் எடுத்தீர்கள். அதில் நான் தலையிட மாட்டேன். ஒரு தகவல் மட்டும். பி.எச்டி.க்கு அதிகபட்சம் ஆறு வருடம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் நீட்டிப்பு உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். ஜே.ஆர்.எஃப். வயது வரம்பிலும் பெண்களுக்கு ஐந்து வருடச் சலுகை இருக்கிறது. கல்யாணம் ஆனால் படிப்பு முடிந்தது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பி.எச்டி. என்று வரும்போது கைடு (ஆய்வு நெறியாளர்) விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பெரிய பெயரைப் பார்த்துப் போக வேண்டாம். அவரிடம் ஏற்கனவே முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, "எத்தனை வருஷம் ஆச்சு, சாப்டரை எத்தனை நாளில் படித்துத் தருவார்" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆய்வேடு எழுதித் தருகிறேன், கட்டுரை போட்டுத் தருகிறேன் என்று காசு கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தக் கறை வேலை கிடைத்த பிறகும் துரத்தும்.

இதற்கெல்லாம் முன்னால், பாடம் நடத்துவது அவளுக்கு ஒத்துவருமா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். துறையில் கேட்டு, பி.காம். முதலாண்டு மாணவர்களுக்கான பொதுத் தமிழ் (பகுதி ஒன்று) வகுப்பில் இருபது நிமிடம் எடுக்கட்டும். பி.ஏ. தமிழ் வகுப்பு வேண்டாம், அங்கே கேட்க ஆள் இருப்பார்கள். பி.காம். கடைசி பெஞ்ச் பையன் தலை நிமிர்ந்து பார்க்கிறானா, அவன் நிமிராதபோது இவளுக்கு எரிச்சல் வருகிறதா, இன்னொரு வழியில் சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறதா? வீட்டுக்கு வந்ததும் என்ன சொல்கிறாள் என்று கவனியுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். உங்கள் சாதிச் சான்றிதழ் எம்.பி.சி. என்றீர்கள். நெட்டுக்கு அது போதாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. (பிற பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்டு, தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது இருந்தால் தகுதி மதிப்பெண் குறையும், ஜே.ஆர்.எஃப். இடஒதுக்கீடும் கிடைக்கும். கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு ஓடி, சான்றிதழ் வராமல் பொதுப் பிரிவில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே போட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது மகளை வெளியே உட்காரவைக்க வேண்டாம், மூன்று பேரும் சேர்ந்தே பேசுவோம்.