செர்னோபில் கல் வீட்டில் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: தம்பி உக்ரைனில் மருத்துவம் படித்தபோது, 2019இல், முன்பு அணு உலை வெடித்த செர்னோபிலுக்குச் சுற்றுலா போனான். பழைய வாயு முகமூடி ஒன்றும், அதனருகே ஆள் இல்லாமல் கிடக்கும் பிரிப்பியாட் நகரத்தில் பொறுக்கிய பாசி படிந்த கொங்கிரீட் துண்டு ஒன்றும் கொண்டுவந்தான். இரண்டும் எங்கள் காம்பரா அலுமாரி மேல் இருக்கின்றன. அங்கேதான் என் மூன்று வயது மகள் தூங்குகிறாள். அம்மா ஓயாவில் வீசச் சொல்கிறார். வீசலாமா? மகளுக்கு ஏதும் ஆகியிருக்குமா? (நோர்வூட் வாசகி)

வீசாதீர்கள். கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஒரு துண்டுக் கல்லால் அந்த நீர் கெட்டுவிடாதுதான். ஆனால் ஓயாவில் குளிக்கிற ஏதோ ஒரு பிள்ளை அதை எடுத்து விளையாடும். இப்போது அது எங்கே இருக்கிறது என்றாவது உங்களுக்குத் தெரிகிறதே.

முகமூடியைப் பார்த்துத்தான் அம்மா பயந்திருப்பார். பிரிப்பியாட் பள்ளிக்கூடத் தரையில் குவிந்து கிடக்கும் முகமூடிகள் விபத்தன்று யாரும் அணிந்தவை அல்ல, சிவில் பாதுகாப்புக்காக இருப்பில் வைத்தவை. முகமூடி மாட்டிய பொம்மைகள் பலவும் பிற்காலத்தில் போனவர்கள் படம் எடுக்க அடுக்கியவை. இதே மாதிரி முகமூடிகள் நினைவுப் பொருளாகக் கடையிலும் விற்றன. எங்கே எடுத்தது என்று தம்பியைக் கேளுங்கள். கடையில் வாங்கியது என்றாலும் பிள்ளைக்கு மாட்டிப் பார்க்க வேண்டாம், அந்தக் கால வடிகட்டிகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது பாசிக் கல்தான்.

தேயிலை ஸ்டோரில் அடுப்புப் பக்கம் நின்றால் சூடு அடிக்கும், வெளியே வந்தால் போய்விடும். ஆனால் சிப்பம் கட்டும் இடத்துத் தூசு தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். கதிர்வீச்சும் அப்படித்தான். தூரத்தில் இருந்து படுகிற கதிர் விலகினால் நின்றுவிடும். இரண்டு மடங்கு தள்ளிப்போனால் கால் பங்காகக் குறையும். கதிரியக்கத் தூசு அப்படியில்லை, கையோடு வரும், மூச்சிலும் சோற்றிலும் உள்ளே போகும்.

1986 ஏப்ரல் 26 அதிகாலை நான்காம் உலை வெடித்தபோது தீயணைக்கப் போனவர்களின் உடுப்புகளைப் பிரிப்பியாட் மருத்துவமனையின் நிலவறையில் போட்டார்கள். அந்த இடம் பல பத்தாண்டுகள் கழித்தும் ஆபத்தானதாகவே இருந்தது. பேய்க் கதை எதுவும் தேவையில்லை, துணியில் ஒட்டிய தூசுதான் காரணம்.

அன்று பரவிய கதிரியக்கப் பொருள்களில் ஒன்றான அயோடின்-131இன் அரை ஆயுள் (பாதியாகக் குறைய எடுக்கும் காலம்) எட்டு நாள், எனவே அது எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் யாராவது அயோடின் மாத்திரை கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள், இங்கே அதற்கு வேலையே இல்லை. இன்னொன்றான சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 வருடம். அன்று விழுந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் மிச்சம். பாசி அதை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் 2022க்கு முன் அங்கே சுற்றுலா நடந்தபோது வழிகாட்டிகள் பாசியில் கால் வைக்காதீர்கள் என்றார்கள். வெளியேறும் வாசலில் உடம்பையும் சப்பாத்தையும் கருவியால் சோதித்தார்கள். அங்கிருந்து எதையும் எடுத்துவருவதே சட்டப்படி குற்றம். தம்பியிடம் அதையும் சொல்லுங்கள்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, கையுறை போட்டு, கல்லையும் முகமூடியையும் தனித்தனியே இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டுங்கள். பிஸ்கட் டின்னில் வைத்து மூடி, ஆள் புழங்காத இடத்தில் பூட்டி வையுங்கள். பாசியைச் சுரண்டவோ, கல்லைக் கழுவவோ, அடுப்பில் போடவோ, மரக்கறிப் பாத்தியில் புதைக்கவோ வேண்டாம். அலுமாரி மேலே விளக்குமாறு போட்டால் தூசு கிளம்பும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கையுறையையும் இன்னொரு பையில் கட்டுங்கள். அப்புறம் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்தி சபைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நீங்களாக பஸ்ஸில் எடுத்துப் போகாமல், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அளந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை என்றும் வரலாம். ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாததை அளந்துதான் அறிய முடியும்.

மகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அலுமாரி மேல் இருந்த சின்னத் துண்டினால், தள்ளித் தூங்கிய பிள்ளைக்கு ஏதும் ஆகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை எடுத்து வாயில் வைத்தாள் என்றால் மட்டும் தாமதிக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நம்முடைய மலையும் கதிர்வீச்சே இல்லாத இடம் என்று அம்மா நினைக்க வேண்டாம். 1904இல் நிலவியல் அறிஞர் ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பக்கம் கண்டெடுத்த கனிமத்துக்குத்தான் பிறகு தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள், அது நல்ல கதிரியக்கமுள்ள கல். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் உலகத்தில் ஒரு ஆளுக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) எப்படியும் கிடைக்கிறது.

இன்னொன்று, அந்தப் பயணத்தில் தம்பி போட்ட சப்பாத்து வீட்டில் இருக்கிறதா? பல மழைக்கு நனைந்து தேய்ந்தது என்றால் கவலையில்லை. அடிப்பள்ளத்தில் பழைய மண்ணோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தால் அதையும் பையில் கட்டி டின்னோடு சேர்த்து வையுங்கள்.