எங்கே நிறுத்துகிறீர்கள்? இரண்டாம் மொழிச் சரளம் பற்றிக் கேள்வி பதில்

இரண்டாம் மொழியில் மனிதர்கள் எப்படிச் சரளமாகப் பேசக் கற்கிறார்கள் என்ற ஆய்வுகளைப் படிப்பதும், பேச்சுப் பதிவுகளில் இடைநிறுத்தங்களை அளப்பதும் என் வேலை. வந்த கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பயிற்சி மையம் நல்லது, விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. அவற்றைக் கேட்டவர்கள் பொறுத்தருள்க.

ஓசூர், பொறியாளர்: கூட்டங்களில் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுகிறேன். வேகத்தைக் கூட்டினால் சரளம் வந்துவிடுமா மேடம்?

வராது. வேகம் ஒரு பகுதிதான். பீட்டர் ஸ்கீஹனும் பர்வானே தவக்கோலியும் சரளத்தை மூன்றாகப் பிரித்து அளந்தார்கள்: எவ்வளவு வேகம், எவ்வளவு இடைநிறுத்தம், சொன்னதை எத்தனை முறை திருத்துகிறோம் அல்லது திரும்பச் சொல்கிறோம். இன்று இத்துறையில் ஏறக்குறைய எல்லோரும் இந்தப் பிரிவையே கையாள்கிறார்கள்.

இதில் என்னை ஈர்ப்பது நடுவில் இருப்பது. 1960களில் ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் 250 மில்லிநொடிக்குக் குறைந்த மௌனங்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார். சில மெய்யொலிகளை உச்சரிக்கவே வாய் அவ்வளவு நேரம் மூடியிருக்கலாம். அதைத் தயக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. நிவ்யா டி யோங்கும் ஹான்ஸ் ரூட்கர் பொஸ்கரும் 2013இல் வெவ்வேறு எல்லைகளை வைத்துச் சோதித்துவிட்டு, ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தாய்மொழியில் பேசுபவர்களும் தாராளமாக நிறுத்துகிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில். "நேற்று வரும்போது மழை பிடித்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். "நேற்று வரும்போது" என்று தொடங்கி, அங்கே நின்று, "மழை" என்று சொல்லி மறுபடியும் நின்றால், கேட்பவர் உங்களுக்காகச் சொல் தேடத் தொடங்கிவிடுவார். இரண்டாம் மொழியில் பேசுபவர்களிடம் மிகுதியாக இருப்பது இந்த இரண்டாம் வகை. என்ன சொல்வது என்று யோசிக்கும் நிறுத்தம் எல்லோருக்கும் உண்டு. சொல்லும் இலக்கணமும் கைக்கு வராமல் நிற்பது வேறு. வாக்கியத்தின் நடுவே நிற்பது குறைந்தால், மெதுவாகப் பேசினாலும் நீங்கள் சரளமானவர்தான். இந்தப் பக்கத்தில் இதை இன்னும் சிலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

மதுரை, போட்டித் தேர்வு மாணவி: எத்தனை நாளில் சரளமாகப் பேசலாம்?

நாள் கணக்குச் சொல்பவர் எதை அளந்தார் என்று முதலில் கேளுங்கள். பால் லெனன் 1990இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு ஜெர்மன் மாணவர்கள் பிரிட்டனில் ஆறு மாதம் இருந்தார்கள். ஏற்கெனவே நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள். வேகம் கூடியது, சிலவகை நிறுத்தங்கள் குறைந்தன. தம்மைத் தாமே திருத்திக்கொள்வது அப்படிக் குறையவில்லை. அதைக் குறையாக எண்ணுவதே சரியா என்று அவர் கேள்வி எழுப்பினார். ஆறு மாதத்திலும் எல்லா அளவும் ஒன்றாக நகர்வதில்லை.

கோவை, மென்பொருள் துறை: பேசும்போது "அ...", "ம்..." என்று இழுக்கிறேன். அதை ஒழிக்க வழி?

ஒழிக்க வேண்டாம். ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல் ஆங்கிலத்தின் இந்த இழுப்புகளை முழுச் சொற்கள் என்றே வாதிட்டார்கள்: குறுகிய தாமதத்துக்கு ஒன்று, நீண்ட தாமதத்துக்கு இன்னொன்று. "இன்னும் முடிக்கவில்லை, பொறுங்கள்" என்று கேட்பவருக்குத் தெரிவிக்கும் வேலையை அவை செய்கின்றன.

இன்னொன்று: தமிழில் பேசும்போதும் இழுக்கிறீர்களா என்று பதிவு செய்து பாருங்கள். நிவ்யா டி யோங்கும் உடன் பணியாற்றியவர்களும் டச்சு கற்ற ஆங்கிலேயர்களையும் துருக்கியர்களையும் அவரவர் தாய்மொழியிலும் பேசவைத்து அளந்தார்கள். டச்சில் காட்டிய தயக்கத்தில் ஒரு பங்கு தாய்மொழியிலேயே இருந்தது. அது மொழிக்குறை அல்ல, ஆளின் பேச்சு பாணி. வீட்டிலும் நிதானமாகப் பேசுபவர் ஆங்கிலத்தில் மடைதிறந்தாற்போல் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சென்னை, பெற்றோர்: மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினால் தானாக வந்துவிடும் என்கிறார்களே?

தானாக வராது. பார்பரா ஃப்ரீட், செகலோவிட்ஸ், டூயி மூவரும் 2004இல் பிரெஞ்சு கற்ற அமெரிக்க மாணவர்களை மூன்று குழுக்களாக ஒப்பிட்டார்கள்: சாதாரண வகுப்பு, பிரான்சில் படிப்பு, அமெரிக்காவிலேயே பிரெஞ்சு மட்டும் பேசும் தீவிரக் கோடைப் பயிற்சி. சரளத்தில் மிக அதிகமாக முன்னேறியது மூன்றாவது குழு. பிரான்ஸுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசியிருந்தார்கள். கனடாவில் டெர்விங், மன்ரோ, தாம்சன் மூவரும் புதிதாகக் குடியேறியவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தபோது, ஸ்லாவிக் மொழி பேசுபவர்கள் சரளத்தில் முன்னேறினார்கள். மாண்டரின் பேசுபவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. வகுப்புக்கு வெளியே ஆங்கிலத்தோடு யாருக்கு எவ்வளவு புழக்கம் என்பதில் பெரிய வேறுபாடு இருந்தது. விமான டிக்கெட் வாங்குமுன், அங்கே மகன் யாருடன் அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறான் என்று கேளுங்கள்.

விழுப்புரம்: எத்தனை மாதம் ஆகும் என்று சொன்னால் போதும்.

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி, வங்கி ஊழியர்: வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

நான்கு-மூன்று-இரண்டு. 1983இல் மாரிஸ் விவரித்தது. பால் நேஷன் பரவச் செய்தார். ஒரு செய்தியை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்லுங்கள். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். ஆள் மாறுவதால் கேட்பவருக்கு அலுக்காது. நேரம் சுருங்குவதால் நீங்கள் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

நெல் டி யோங்கும் சார்ல்ஸ் பெர்ஃபெட்டியும் 2011இல் இதைச் சோதித்தார்கள். (மேலே சொன்ன நிவ்யா வேறு, இவர் வேறு, துறைக்குள்ளேயே குழம்புகிறார்கள்.) ஒரே செய்தியைத் திரும்பச் சொன்னவர்களும் ஒவ்வொரு முறையும் புதிய செய்தியைச் சொன்னவர்களும் பயிற்சியின்போது முன்னேறினார்கள். பிறகு புதிய தலைப்பில் சோதித்தபோது, திரும்பச் சொன்னவர்களிடம்தான் முன்னேற்றம் தங்கியிருந்தது.

தஞ்சாவூர், பள்ளி ஆங்கில ஆசிரியர்: மேடம், மன்னிக்கவும், இது ஆபத்தான அறிவுரை. தப்பையே மூன்று முறை சொன்னால் தப்பு ஊறிவிடும். ஊறியதைக் கழுவ எங்களால் முடிவதில்லை.

உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. நேஷன் பணியாற்றிய அதே வெலிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபிராங்க் பூர்ஸ் 2014இல் இதே பயிற்சியை மறுபரிசீலனை செய்தார். நேரம் நெருக்கும்போது மாணவர்கள் முந்தைய முறை சொன்ன சொற்றொடர்களையே அப்படியே எடுத்தார்கள்; பிழைகளும் கூடவே வந்தன. இரண்டு ஆண்டு கழித்து அவரும் தாய் என்ற ஆய்வாளரும் வியட்நாம் மாணவர்களிடம் நேரத்தைச் சுருக்கியும் சுருக்காமலும் ஒப்பிட்டார்கள். சுருக்கியபோது சரளம் நன்றாகக் கூடியது, பிழை குறையவில்லை. ஒரே அளவு நேரம் கொடுத்தபோது சரளம் குறைவாகத்தான் கூடியது. ஆனால் பிழையும் ஓரளவு குறைந்தது. எனவே முதலில் நேரத்தைச் சுருக்காமல் செய்யுங்கள். இரண்டு முறைக்கு நடுவில் திருத்தம் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் ஆசிரியர்: நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். அப்படியானால் முதலில் பிழையின்றிப் பேசட்டும். சரளம் பிறகு வரட்டும்.

நான் அதைச் சொல்லவில்லை. "பிறகு" என்று எதைச் சொல்கிறீர்கள் ஐயா? பத்தாம் வகுப்பு வரை பிழை திருத்தப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாய் திறப்பதில்லை. மெதுவாக, விதியை நினைத்து நினைத்துச் சரியாகப் பேசுவது ஒரு திறமை. பேச்சு ஓடும்போது அதே விதி தானாக வருவது வேறு திறமை. செகலோவிட்ஸ் அறிவோட்டம் என்று தனியாகப் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டாவதைத்தான். முதலாவதைச் சேர்த்துவைத்தால் இரண்டாவது வட்டியாக வந்துவிடாது. ஓட்டமாகப் பேசிப் பேசித்தான் வரும்.

யாழ்ப்பாணம், விரிவுரையாளர்: இருவரும் தனிச் சொற்களையும் விதிகளையும் பற்றியே பேசுகிறீர்கள். கோவையாக மனத்தில் பதிந்த தொடர்கள் எங்கே?

நன்றி, இதை நானே முதலில் சொல்லியிருக்கலாம். பாலியும் சைடரும் 1983இல் எழுதினார்கள்: தாய்மொழியில் பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாகக் கட்டுவதில்லை, ஆயிரக்கணக்கான தயார்த் தொடர்களை எடுத்து வைக்கிறார், அதனால்தான் பேச்சு நிற்பதில்லை. தஞ்சாவூருக்கும் இது ஒரு வழி. பிழையில்லாத தொடரையே முழுதாகக் கொடுத்துப் பழக்கினால், திரும்பத் திரும்ப ஊறுவது அதுதான்.

தஞ்சாவூர் ஆசிரியர்: சரி. என் வகுப்பில் நாற்பத்தைந்து பேர். ஒவ்வொருவரும் ஒன்பது நிமிடம் பேசினால் வாரம் போய்விடும்.

ஒவ்வொருவராக அல்ல, இருவர் இருவராக. பாதி வகுப்பு ஒரே நேரத்தில் பேசும், பாதி கேட்கும். மணி அடித்தால் ஆள் மாறும். சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பாசிரியர் வருவார். அவரிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

சேலம்: என் உச்சரிப்பு தமிழ் வாடை அடிக்கிறது. சரளம் கெடுமா?

கெடாது. அந்நிய உச்சரிப்பு வேறு, புரிவது வேறு என்று மன்ரோவும் டெர்விங்கும் 1995இலேயே காட்டிவிட்டார்கள். உச்சரிப்பு கனமாக இருந்தும் முழுதாகப் புரியும் பேச்சு நிறைய உண்டு.

திருநெல்வேலி: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் அந்த ஒரு நிமிடத் தயாரிப்பில் என்ன செய்வது?

முழு வாக்கியங்களை எழுதாதீர்கள். முன்கூட்டித் திட்டமிட நேரம் கிடைத்தால் நிறுத்தங்கள் குறைகின்றன என்று ஃபாஸ்டரும் ஸ்கீஹனும் 1996இல் காட்டினார்கள். அங்கே பத்து நிமிடம் கொடுத்தார்கள், உங்களுக்கு ஒன்று. எதை எதற்குப் பின் சொல்வது என்ற வரிசையை மட்டும் குறியுங்கள். மற்றபடி தேர்வு உத்திகள் என் துறை அல்ல.

ஈரோடு: முப்பது நாளில் சரளம் என்ற விளம்பரத்தை நம்பலாமா?

எதை அளந்தார்கள்?

பெங்களூரு, மாணவர்: கைபேசிச் செயலி எனக்கு நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. நம்பலாமா?

எதை எண்ணுகிறது என்று சொன்னால் நம்பலாம். ஒலிப்பதிவிலிருந்து அசைகளையும் நிறுத்தங்களையும் தானாக எண்ணுவது பழைய வித்தை. ஆம்ஸ்டர்டாமில் உருவான பிராட் என்ற இலவச மென்பொருளுக்கு நிவ்யா டி யோங்கும் வெம்பேயும் 2009இலேயே அப்படியொரு நிரலை வெளியிட்டார்கள். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு வாக்கியம் எங்கே முடிந்தது என்று தெரியாது. ஓசூருக்குச் சொன்ன வேறுபாடு முழுக்கத் தப்பிவிடும்.

புதுச்சேரி: தமிழர் இயல்பிலேயே வேகமாகப் பேசுபவர்கள், ஆங்கிலத்திலும் அப்படியே பேச வேண்டும் என்கிறார் என் மாமா.

மாமாவிடம் சொல்லுங்கள்: மொழிக்கு மொழி அசை வேகம் மாறும். ஜப்பானிய மொழியில் ஒரு நொடிக்கு அசைகள் அதிகம், வியட்நாமிய மொழியில் குறைவு. ஆனால் ஓரசை சுமக்கும் செய்தியும் சேர்ந்து மாறுவதால், 2019இல் பதினேழு மொழிகளை அளந்த கூப்பேயின் குழுவுக்கு எல்லாமே நொடிக்குச் சுமார் 39 பிட் (செய்தியை அளக்கும் அலகு) அளவையே சுற்றி வந்தன. ஆகவே தமிழ் அசையையும் ஆங்கில அசையையும் எண்ணி ஒப்பிடுவதில் பொருளில்லை. அந்தப் பதினேழில் தமிழ் இல்லை. ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இதைப் படித்தால் எடுத்துக்கொள்ளலாம்.