கையெழுத்துப் போடும் முன்பு – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கும் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை ஊர்களுக்குக் கல்யாணமாகிப் போகும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மாமியார்தான் அனுப்பிவைத்தார். அவருக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. எனக்குக் கிணத்துக்கடவு. இப்போது நானும் கணவரும் ஜெர்மனியில், லைப்ஸிக்கில் இருக்கிறோம். வந்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு இது ஏழாம் மாதம், தலைப்பிரசவம்.

ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். பி1 என்கிற நடுநிலைப் படியில் பாதியில் இருக்கிறேன். கடையிலும் டிராமிலும் சமாளித்துவிடுவேன். டாக்டரிடம் போனால்தான் ஒன்றும் ஓடுவதில்லை. அவர் பேசி முடிக்கும்வரை தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கணவரிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறேன். "எல்லாம் நார்மல்" என்பார். அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று இருக்கும். பிரசவ அறையில் என்ன செய்யப் போகிறேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

அம்மாவுக்கு விசா கிடைக்குமா என்று தெரியாது. மாமியார், "பேசாம இங்கயே வந்துரு" என்கிறார். "அங்க வந்தாலும் மலையாளம்தானுங்களே அத்தை" என்று சிரித்தேன், அப்புறம் அழுகை வந்துவிட்டது. இன்னும் நன்றாகப் படித்திருக்க வேண்டும் என்று என் மேலேயே கோபம். நான் என்ன செய்யட்டும்? பெயர் போட வேண்டாம் அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கோபத்தை விடுங்கள். பி1 வகுப்பில் வீட்டு வாடகை, ரயில் டிக்கெட், வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் சொல்லித் தருவார்கள். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று பேச எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். பனிக்குடம், நஞ்சுக்கொடி என்பதையெல்லாம் தமிழிலேயே நாம் எப்போது கற்றோம்? வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதானே.

ஊருக்கு வருவதைப் பற்றி. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றாது. வந்து சேர்ந்தாலும் புது ஆஸ்பத்திரி, புது டாக்டர், கணவர் அங்கே. உங்கள் மாமியாரின் அன்பு புரிகிறது. ஆனாலும் அங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அத்தையிடம் நீங்கள் சொன்ன பதில் உண்மைதான். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேசும் ஊர்கள் இருக்கின்றன, தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ போனால் மலையாளம். பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் பிரசவத்துக்குக் கூட்டிப்போகும் வீடுகள் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இந்த எல்லைப்புறத்தில் மொழிப் பிரச்சினையையும் சேர்த்தே தீர்த்துவைத்தது. தாய்வீட்டுக்குப் போக முடியாத மருமகள்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பலருக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியும், வாசிக்க வராது. நீங்கள் நேர் எதிர். தாளில் இருந்தால் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்துவிடுவீர்கள். வாயால் வேகமாகச் சொன்னால்தான் நழுவிவிடுகிறது. இது உங்களுக்குப் பெரிய பலம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் முதல் பிள்ளை பாலக்காட்டு மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்தது. கல்யாணமாகி இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை. அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்ததால் தாய்வீட்டுக்குப் போக வழியில்லை. ஆரம்பத்தில் சிஸ்டர்கள் பேசியது ஏறக்குறையப் புரிந்தது. வலி ஏற ஏற, கற்றிருந்த மலையாளம் மொத்தமும் என்னை விட்டுப் போய்விட்டது. ஒரு சிஸ்டர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். முக்கச் சொல்கிறாரா, முக்காதே என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் ஒரு பரபரப்பு. டாக்டர் வெளியே போய் வராந்தாவில் என் கணவரிடம் பேசினார். கதவுக் கண்ணாடி வழியாக அவர் தலையாட்டுவது தெரிந்தது. பிறகு கணவர் உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன்தான், கையெழுத்துப் போடு" என்றார். மலையாளத்தில் அச்சடித்த தாள். கொடுத்த பேனா எழுதவில்லை. சிஸ்டர் தன் பாக்கெட்டிலிருந்து வேறு பேனா எடுத்துக் கொடுத்தார். போட்டேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் பல மாதங்கள் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த சிஸ்டர் சொன்னது புரியாமல் தப்பான நேரத்தில் முக்கிவிட்டேன், அதனால்தான் கத்தி வைக்க வேண்டி வந்தது என்று. யாரிடமும் சொல்லவில்லை. ஒருமுறை தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ் என் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துவிட்டு விளக்கினார். குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, இதயத்துடிப்பு இறங்கியிருக்கிறது, அதனால் அவசர ஆபரேஷன். நான் முக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். என் கணவருக்கு அது அன்றைக்கே தெரியும். நான் பயந்துவிடுவேன் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். அவரும் அன்று நடுங்கிக்கொண்டுதான் இருந்தார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்ன நடந்தது என்று யாரும் சொல்லாவிட்டால், பெற்றவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். இதே மாதிரி நினைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்த பெண்களை இந்த ஊர்களில் எனக்குத் தெரியும்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் "எல்லாம் நார்மல் என்பார்" என்ற வரி என்னை உறுத்தியது. உங்கள் கணவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அப்பாவாகப் போகிறவரையே மொழிபெயர்ப்பாளராகவும் வைக்கக் கூடாது. பயந்தால் சுருக்கிவிடுவார். தனக்கே புரியாத மருத்துவச் சொல் வந்தால் தாண்டிப் போய்விடுவார். பிரசவ அறையில் அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பேச்சுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ஜெர்மனியில் 2013-இல் நோயாளர் உரிமைச் சட்டம் வந்தது. எந்தச் சிகிச்சைக்கு முன்பும் மருத்துவர் அதை வாய்மொழியாக, யோசிக்க அவகாசம் இருக்கும்போதே, நோயாளிக்குப் புரிகிற விதத்தில் விளக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நீங்கள் கையெழுத்திட்ட தாளின் நகலையும் தர வேண்டும். ஆகவே "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல நீங்கள் கூச வேண்டியதே இல்லை. புரியவைப்பது அவர்கள் வேலை. ஆனால் இரண்டு சிக்கல்கள். மொழிபெயர்ப்பாளர் செலவைப் பொதுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. இன்னொன்று, நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் வந்தால் விளக்கத்துக்கு நேரம் இருக்காது. அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் வலி வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

உங்களுக்கு ஹெபாமெ, அதாவது மருத்துவச்சி, கிடைத்துவிட்டாரா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை. இல்லையென்றால் இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள். சிக்கலில்லாத பிரசவத்தை அங்கே மருத்துவச்சியே டாக்டர் இல்லாமல் பார்க்கலாம். டாக்டர் பார்த்தாலும் மருத்துவச்சி உடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளை பிறந்த பிறகு உங்கள் வீட்டுக்கே வருவார், முதல் 10 நாள் தினமும்கூட, அப்புறம் 12 வாரம்வரை தேவைக்கேற்ப. செலவு காப்பீட்டில் போய்விடும். தையல், தாய்ப்பால், தொப்புள், காரணம் தெரியாத அழுகை, எல்லாம் அவரிடம் கேட்கலாம். நகரங்களில் ஆள் கிடைப்பது சிரமம், ஏழாம் மாதம் என்பது தாமதம்தான். இருந்தாலும் விடாதீர்கள், காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள்.

பேச்சுக்கு ஆள் தேட இரண்டு வழி. ப்ரோ ஃபமீலியா, காரித்தாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள் கர்ப்பிணிகளுக்கு இலவச ஆலோசனை மையங்கள் நடத்துகின்றன. உங்கள் ஊரில் மொழி உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று அங்கே விசாரிக்கலாம். இன்னொரு வழி ஈழத்தமிழர்கள். 1980-களிலிருந்து அங்கே வாழ்கிறார்கள், ஹாம் நகரில் 2002-இல் காமாட்சி அம்மனுக்குப் பெரிய கோயிலே எழுப்பியவர்கள். அந்த அக்காமாரில் எத்தனையோ பேர் எந்த வகுப்புக்கும் போகாமல் அங்கே பிள்ளை பெற்றவர்கள். அவர்களுடைய பெண்கள் அங்கேயே படித்து வளர்ந்தவர்கள், இரண்டு மொழியும் பேசுவார்கள். உங்கள் ஊரிலேயே ஆள் இல்லாவிட்டாலும், டாக்டரிடம் போகும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு ஒருவர் பேசினால் போதும். அங்குள்ள வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் கேட்டுப் பாருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னால் யாரும் முகம் திருப்ப மாட்டார்கள்.

இப்போது தாளுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பதிவு செய்யும் சந்திப்பு கடைசி இரண்டு மாதத்துக்குள் வரும். முதுகுத்தண்டில் போடும் வலிமறப்பு ஊசி, சிசேரியன் இரண்டுக்கும் உரிய விளக்கத் தாள்களை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அதையும் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். சிசேரியன் நமக்கு வராது என்று அந்தத் தாளை ஒதுக்க வேண்டாம். ஜெர்மனியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் இது 38.9 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9. முட்டர்பாஸ் என்கிற கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் உங்களைப் பற்றிய எல்லாமே எழுதியிருக்கிறார்கள். புரியாத குறிப்புகளைக் கோடிட்டுக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு பக்கத்தில், எளிய ஜெர்மனில், நீங்களே ஒரு குறிப்பு எழுதுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள், சந்தோஷமாகச் செய்து தருவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேலே இப்படி எழுதுவேன்: "நான் ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன். வலியில் அது மறந்துபோகலாம். மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். எதையும் என் கணவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்லுங்கள்." ஆஸ்பத்திரிப் பையில் இரண்டு பிரதி இருக்கட்டும். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வந்ததும் முதல் வேலையாக அவரிடம் ஒன்றைக் கொடுங்கள்.

முக்குவதற்கும் நிறுத்துவதற்கும் அவரோடு சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். தோளை அழுத்தினால் முக்க வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் மூச்சு மட்டும் வாங்க வேண்டும் என்பது மாதிரி எதுவானாலும் சரி. பணிநேரம் முடிந்து ஆள் மாறினால், அடுத்தவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் கணவரின் பொறுப்பு. மற்றபடி வாய்க்கு வந்த மொழியில் கத்துங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பிரசவம் எப்படி ஆனாலும், வீட்டுக்குக் கிளம்பும் முன் டாக்டரையோ மருத்துவச்சியையோ பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். கருவி போட்டார்களா, தையல் போட்டார்களா, எதற்காக என்று கேளுங்கள். அந்த நேரத்தில் உங்கள் மொழிபெயர்ப்பு அக்கா போனில் இருப்பது மிகவும் முக்கியம், பிரசவ நேரத்தைவிட முக்கியம் என்றே சொல்வேன். சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாவுக்குக் குறுகிய கால விசா 90 நாள்வரை தருவார்கள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் உடனே தேதி வாங்கச் சொல்லுங்கள். அவர் வர முடியாமல் போய், வீட்டு வேலையைப் பார்க்க வீட்டிலும் ஆள் இல்லை என்றால், பேறுகாலத்தில் வேலைக்கு ஆள் வைக்கப் பொதுக் காப்பீட்டில் வழி இருக்கிறது. 'ஹவுஸ்ஹால்ட்ஸ்ஹில்ஃப' என்று கேளுங்கள், பிரசவத்துக்கு முன்பே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான். பூண்டு ரசம் வைக்க உங்கள் கணவர் இப்போதே பழகிக்கொள்ளட்டும், ஃப்ளாஸ்கில் கொண்டுவரலாம்.

பிறப்பை ஒரு வாரத்துக்குள் ஷ்டாண்டஸ்அம்ட் என்கிற பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். ஆனால் உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்போடு தயாராக இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியல் அங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தில் பொருந்தாது. அதை எப்படி எழுதப்போகிறார்கள் என்று முன்கூட்டியே போய்ப் பேசிவிடுங்கள். குழந்தைக்கு இந்தியக் குடியுரிமைதான் என்றால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பதிவுக்குப் போகும்போது இவற்றில் என்னவெல்லாம் ஒத்துக்கொண்டார்கள், எதற்கு முடியாது என்றார்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்களைப் போல வேறு ஊர்களிலிருந்தும் இதே கேள்வியோடு கடிதங்கள் வருகின்றன. அவர்களுக்கும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா