கிணற்று நீர் மாசுபடுமா என்று எப்படிக் கணிப்பது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வீடுகள் நெருங்கிக்கொண்டே போகின்றன. நிலத்தடி நீர் மாசுபட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று எப்படி மதிப்பிடுவார்கள்?

பதில்: பலரும் கையாள்வது 1987இல் அமெரிக்காவில் வெளியான ‘டிராஸ்டிக்’ முறை. ஏழு விஷயங்களுக்குப் புள்ளி போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எடையால் பெருக்கிக் கூட்டுவார்கள். நீர்மட்ட ஆழத்துக்கும், அதற்கு மேலே ஈரம் நிறையாத அடுக்குக்கும் எடை 5. ஊறும் மழைநீருக்கு 4. நீர் தாங்கும் பாறைக்கும் அதில் நீர் ஓடும் வேகத்துக்கும் 3. மேல்மண்ணுக்கு 2, நிலத்தின் சரிவுக்கு 1. தொகை கூடினால் ஆபத்தும் கூடும். இடத்துக்கு இடம் வரும் தொகையை வரைபடத்தில் நிறமாகக் காட்டுவார்கள்; ஆபத்து அதிகமான இடம் சிவப்பு.

யாழ்ப்பாணம் இதில் வசமாக மாட்டும். நிலம் தட்டை, நீர்மட்டம் ஆழமில்லை, கீழே சுண்ணாம்புக்கல். மணல் என்றால் அழுக்கை ஓரளவு வடிகட்டும். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்துமாக்கிவிடுகிறது. அதில் நீர் குழாயில் ஓடுவதுபோல ஓடும். புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து உருவானதுதான். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்.

சரி, வரைபடம் சிவப்பாக வந்துவிட்டது. அதை அப்படியே நம்பலாமா? நான் நம்பமாட்டேன். டிராஸ்டிக் நிலத்தின் இயல்பைத்தான் சொல்லும். அதன்மேல் நாம் எதைக் கொட்டுகிறோம் என்று சொல்லாது. மலக்குழிகளையும் வெங்காயம், புகையிலைத் தோட்டங்களுக்குப் போடும் உரத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். அப்புறம் உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பைக் கிணறு கிணறாக அளந்து வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். மழைக்கு முன்பும் பின்பும் அளப்பது நல்லது.