கரைக்காற்றும் கயாக்கும்: வாசகர் கேள்வி பதில்

கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகில், போய் மீன் பிடிக்கிறவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி எந்த லூர் (போலி இரை), எந்த கலர் என்றுதான் கேட்கின்றன. அவை இன்னொரு நாளைக்கு. தண்ணீரில் விழுந்தவர்கள், விழப் பார்த்தவர்கள், இப்படியே போனால் விழப்போகிறவர்கள் எழுதியவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். லைஃப் ஜாக்கெட் போட்டால் வேர்க்கிறது. சீட்டுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில்தான் வைத்திருக்கிறேன். போதும்தானே? (பாலவாக்கம்)

போதாது. கயாக் கவிழ்ந்தால் நீங்கள் ஒரு பக்கம், கயாக் ஒரு பக்கம், ஜாக்கெட் வேறொரு பக்கம். காற்று இருந்தால் ஆளில்லாத கயாக் உங்கள் நீச்சலை விட வேகமாக ஓடும். ஒரு நாள் நீச்சல் குளத்தில், கால் எட்டாத ஆழத்தில், மிதந்தபடியே ஜாக்கெட்டை மாட்டி ஜிப் இழுத்து வாரைப் பூட்டிப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

வேர்வைக்கு வழி இருக்கிறது. கயாக்குக்கென்றே வரும் ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம் ஃபோம் மேலே மட்டும் இருக்கும், கீழே வெறும் வலை. சாய்ந்து உட்காரவும் தோது. மிதப்பு விசை 50 நியூட்டன் என்று போட்டிருப்பது, உதவி பக்கத்திலேயே இருக்கிற இடத்துக்கு. அது மிதக்க வைக்கும், ஆனால் மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பித் தரும் என்று நம்ப முடியாது. தூரமாகத் தனியே போகிறவர்கள் 100க்கு மேல் பார்க்கவேண்டும். மாட்டிக்கொண்டதும் தோள்பட்டை வாரைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் உங்கள் அளவு இல்லை.

கயாக் 180 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. நானும் பையனும் ஐஸ் பெட்டியோடு போகலாமா? (வேளச்சேரி)

உங்கள் எடை எவ்வளவு, பையனுக்கு என்ன வயது, அது ஒரு சீட் கயாக்கா இரண்டு சீட்டா, கடலா கழிமுகமா, ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. பொதுவாகச் சொல்கிறேன்: கயாக் தாங்கும் என்று போட்டிருக்கும் எடையில் முக்கால் பங்குக்குள் நின்றுகொள்ளுங்கள். அதிலேயே பேட்டரி, நங்கூரம், ஐஸ், குடிதண்ணீர், பிடிக்கப்போகிற மீன் எல்லாம் அடக்கம். ஒரு சீட் என்றால் ஒரு ஆள். பையனுக்குப் பையன் அளவு ஜாக்கெட். உங்கள் பழையதை இறுக்கிக் கட்டிவிடுவது கதைக்கு ஆகாது.

கவிழ்ந்தால் திரும்ப ஏறுவது எப்படி? வீடியோவில் சுலபமாக இருக்கிறது. எனக்கு வரவில்லை. (புதுச்சேரி)

முயன்று பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், சந்தோஷம். பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, கால்களைக் கீழே தொங்கவிட்டபடி கையால் மட்டும் மேலே ஏறப் பார்ப்பது. அப்படிச் செய்தால் கால் கயாக்குக்கு அடியில் போய்விடும், கயாக் உங்கள் மேலேயே புரளும்.

முதலில் கயாக்கை நிமிர்த்துங்கள். கவிழ்ந்து கிடக்கும் கயாக்கின் அடிப்பாகத்துக்கு மேலாகக் கையை நீட்டி, அந்தப் பக்கத்து விளிம்பையோ தண்ணீர் வடிகிற ஸ்கப்பர் துளையையோ பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுங்கள். முன்பே குறுக்கே ஒரு பட்டை வார் போட்டு வைத்திருந்தால் இன்னும் சுலபம். நிமிர்ந்ததும் சீட்டுக்கு நேராக வந்து, இரண்டு கால்களையும் பின்னால் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து உதையுங்கள். உதைத்துக்கொண்டே கயாக்கை உங்கள் வயிற்றுக்கு அடியில் இழுங்கள். மேலே ஏறுவதாக நினைக்காதீர்கள், குறுக்கே நீந்துவதாக நினையுங்கள். தொப்புள் சீட்டுக்கு மேல் வந்ததும் ஒரு பக்கமாகப் புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை எடுத்து வையுங்கள். அவசரப்பட்டு எழுந்து உட்கார்ந்தால் மறுபக்கம் போய் விழுவீர்கள்.

இதை ஜாக்கெட்டோடு, ராட் (தூண்டில் கம்பு) செருகும் ஹோல்டரோடு, பெட்டியோடு பழகவேண்டும். காலிக் கயாக்கில் வருவது சாமான் ஏற்றிய கயாக்கில் வராது. ஐந்து தடவை வரிசையாக ஏற முடிகிற வரை கழிமுகத்தை விட்டு வெளியே போகவேண்டாம்.

ஜூன் மாதம், காலை ஆறு மணி. கோவளத்தில் கடலில் சலனமே இல்லை. ஆப்பில் அலை அரை மீட்டர் என்று இருந்தது. ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போய்விட்டேன். ஒன்பது மணிக்குத் திரும்பினால் கரை கிட்டவே வரவில்லை. கடைசியில் ஒரு ஃபைபர் படகுக்காரர் கட்டி இழுத்து வந்தார். ஆப் பொய் சொல்கிறதா? (துரைப்பாக்கம்)

ஆப் உண்மையைத்தான் சொன்னது. நீங்கள் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த காற்றின் திசையைப் பார்க்கவில்லை. இதே கடிதம் வேறு வேறு ஊர்ப் பெயரில் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நம் கிழக்குக் கரையில் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை காலையில் அடிப்பது கச்சான். மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும், அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத்துக் கட்டடமும் சவுக்குத் தோப்பும் அதை மறைத்துவிடுவதால் கரையடித் தண்ணீரில் தெரியாது. அலை எழும்ப அதற்கு அங்கே தூரமும் இல்லை. வெளிப்பக்கமிருந்து வரும் அலையையும் அது அமுக்கி ஒழுங்காக்கிவிடும். சர்ஃபிங் பிள்ளைகளுக்கு அந்தக் காற்று பிடிக்கும். நீங்கள் பார்த்த சலனமில்லாத கடல் அதுதான். உள்ளே போகப் போக மறைப்பு போய்விடும், அலை சின்னச் சின்னதாகக் குத்த ஆரம்பிக்கும். போகும்போது முதுகில் காற்று, துடுப்பு வெண்ணெயாக இறங்கும். ‘இன்றைக்கு நல்ல பலம்’ என்று நினைப்போம். பலம் காற்றினுடையது.

வெயில் ஏற ஏறக் கச்சான் வலுக்கும். கடல்காற்று வந்தால்தான் மாறும். பிப்ரவரி, மார்ச்சில் அது பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடும். ஜூனில் ஒரு மணி, இரண்டு மணி ஆகும், சில நாள் வரவே வராது. மீன்பிடி கயாக்கை அமைதியான தண்ணீரில் சாதாரண ஆள் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளுவார். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேக எதிர்காற்றில் ஒன்றிரண்டு தேறினால் அதிகம். உயரமான சீட், நட்டு வைத்த நாலு ராட், பின்னால் பெட்டி எல்லாம் காற்றுக்குப் பாய். கை ஓய்ந்து நிறுத்தினால் அடுத்த நிமிடமே பின்னால் போவீர்கள்.

‘கட்டுமரத்தில் போனவர்கள் இதே காற்றில்தானே போனார்கள்’ என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். போனார்கள். விடியுமுன் கரைக்காற்றில் போய், கடல்காற்று எழுந்ததும் பாய் விரித்துத் திரும்பினார்கள். அவர்களிடம் பாய் இருந்தது. கடல்காற்று இன்றைக்கு வருமா, எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்திருந்தது. உங்களிடம் இருப்பது ஒரு துடுப்பும், மதியம் ஆபீஸ் மீட்டிங்கும். விற்கிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் ‘அலை இல்லையா, போய்விடலாம்’ என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். காற்றுத் திசையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வயிறு எரிவது அதில்தான்.

ஆகவே: கரையிலிருந்து வீசும் காற்று மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், கரையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் கரைக்கு இணையாகவே ஓட்டுங்கள். பதினைந்தைத் தாண்டினால் கழிமுகத்துக்குப் போங்கள், இல்லை டீக்கடைக்குப் போங்கள். இறங்கிய பத்து நிமிடத்தில் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளம் பாருங்கள், ஒரு செல்போன் டவரும் அதற்கு முன்னால் ஒரு மரமும் என்று. டவரும் மரமும் உங்களைப் பக்கவாட்டில் தள்ளுகிற நீரோட்டத்தைக் காட்டும். வெளியே தள்ளுகிறதா என்பதை ஜிபிஎஸ் காட்டும். திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கு அதுதான் நல்ல நேரம், மூன்று மணி நேரம் கழித்து அல்ல.

மாட்டிக்கொண்டால் முதல் வேலை நங்கூரம். சென்னைப் பக்கம் அடிமட்டம் மெல்லத்தான் இறங்குகிறது. நாற்பது, ஐம்பது மீட்டர் கயிறு இருந்தால் பெரும்பாலும் பிடிக்கும். கை ஓய்ந்து ஆழத்துக்குப் போன பிறகு போட்டு என்ன பயன்? ராட்களைப் படுக்க வையுங்கள், முன்னால் குனிந்து துடுப்பு போடுங்கள். கார் நிற்கும் இடத்துக்கே போகவேண்டும் என்று அடம்பிடிக்காமல் எந்தக் கரை சுலபமோ அங்கே போங்கள். முடியாது என்று தோன்றியதும் 1554க்குக் கூப்பிடுங்கள், அது கடலோரக் காவல்படை. தோன்றிய உடனே. கயாக்கை விட்டுவிட்டு நீந்தவே கூடாது. ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், சீட்டுக்குப் பின்னால் அல்ல.

அந்தப் படகுக்காரருக்கு அன்றைக்கு டீசல் காசாவது கொடுத்தீர்களா? அதையும் எழுதவில்லை.

காற்றே இல்லை. ஆனால் திடீரென்று அலை பெரிதாகிக் கரை ஏறுகிறது. எங்கிருந்து வருகிறது? (குளச்சல்)

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அடித்த புயலிலிருந்து. உங்கள் பக்கத்தில் கள்ளக்கடல் என்றே அதற்குப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். உள்ளூர் வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், அதைப் பார்ப்பது ஒன்றே வழி. 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனபோதும் எச்சரிக்கை அமலில் இருந்தது. அவர்கள் படகில் கூடப் போகவில்லை, கரையோரத்தில்தான் நின்றிருந்தார்கள். எச்சரிக்கை இருக்கிற நாளில் கயாக்கை வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

அமராவதி அணையில் கயாக்கில் போய் மீன் பிடிக்கலாமா? (உடுமலை)

தமிழ்நாட்டில் காட்டு முதலைகள் நிறைந்த நீர்த்தேக்கம் அது. அனுமதியில்லாமல் இறங்கவும் முடியாது. வேண்டாம்.

நங்கூரத்தை சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கைப்பிடியில் கட்டுகிறேன், அதுதான் வசதி. (எண்ணூர்)

பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் இழுக்கும்போது அந்த விளிம்பு தண்ணீருக்குள் போகும். கயாக் அப்படியே புரளும், இரண்டு நொடி கூட ஆகாது. முனையில் கட்டவேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடியே கயிற்றை முனைக்கு நகர்த்த, பக்கத்தில் ஒரு கப்பிக்கயிறு போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம் இருக்கும் முகத்துவாரத்தில் முன்முனை மட்டும்தான். கயிற்றின் மேல்நுனியில் ஒரு மிதவை இருக்கட்டும். ஆபத்து என்றால் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கத்தி ஜாக்கெட்டில் இருக்கவேண்டும், பெட்டிக்குள் அல்ல.

இன்னொன்று: வற்றம், அதாவது கடல்மட்டம் இறங்கும்போது வடிகிற ஓட்டம், வெளியே இழுக்கும் நேரத்தில், எதிரே அலையும் வந்தால், முகத்துவாரத்தில் அலை செங்குத்தாக எழும்பும். அந்த நேரத்தில் அங்கே நங்கூரம் போடுவது சரியே அல்ல.

பெடல் கயாக் வாங்கினேன். மீனவர் வலையில் துடுப்பு சிக்கிக்கொண்டது. அவர் சத்தம் போட்டார். யார் மேல் தப்பு? (பழவேற்காடு)

உங்கள் மேல். மிதவையும் கொடியும் வரிசையாகத் தெரிந்தால் நடுவே வலை இருக்கிறது, சுற்றிப் போங்கள். வேறு வழியே இல்லையென்றால் பெடல் துடுப்பைக் கயாக்கின் அடிவயிற்றோடு மடக்கிவிட்டு, கைத்துடுப்பால் மெல்லக் கடந்துபோங்கள். சிக்கினால் வலையை அறுக்காதீர்கள். அவருக்கு அது ஆயிரக்கணக்கில் செலவு. கை தட்டிக் கூப்பிட்டால் அவரே வந்து எடுத்துவிடுவார். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்டபத்திலிருந்து எதிரே தெரிகிற தீவுக்குக் கயாக்கில் போய் வரலாம் என்கிறார்கள். (மதுரை)

யார் சொன்னது? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் இறங்கினால் வழக்கு. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் போனாலோ இலங்கை எல்லைக்கோடு ரொம்பத் தொலைவில் இல்லை. காற்று தள்ளினால் தெரியாமல் தாண்டிவிடுவீர்கள். கரையை விட்டு அகலாதீர்கள்.

என் வீட்டுக்காரர் விடியற்காலையில் போய்விட்டு எப்போது வருவார் என்றே தெரியாது. கேட்டால் ‘மீன் எப்போது கடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்’ என்கிறார். (தூத்துக்குடி)

அவருக்கு இந்தப் பதிலைக் காட்டுங்கள் அம்மா. மீன் எப்போது கடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, ஆள் எப்போது கரைக்கு வருவார் என்றுதான் கேட்கிறோம். ஒரு துண்டுத் தாளில் நாலு விஷயம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போகட்டும்: எங்கே இறங்குகிறார், எந்தப் பக்கம் போகிறார், கயாக் என்ன நிறம், எத்தனை மணிக்குக் கரையில் இருப்பார். அந்த மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பாருங்கள். போன் போகவில்லையென்றால் 1093க்கு (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) சொல்லிவிடுங்கள். ‘ஒருவேளை வந்துவிட்டால் திட்டுவாரே’ என்று யோசிக்கவேண்டாம். திட்டினால் திட்டட்டும். சண்டையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் போதாதா? வயர்லெஸ் எதற்கு? (நாகப்பட்டினம்)

கரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் மொபைல் போதும். பையில் போட்டு, பையை ஜாக்கெட்டில் கட்டுங்கள். கயாக்கில் கட்டினால் கயாக் பேசிக்கொள்ளும். ஈர விரலுக்குத் தொடுதிரை மசியாது, 1554ஐ முன்பே ஒரே தட்டில் போகும்படி வையுங்கள். விஎச்எஃப் (கடல் வயர்லெஸ்) வாங்கினால் அவசர அழைப்புக்கு சேனல் 16, அதற்கு உரிமமும் வேண்டும். இரண்டும் இல்லாதபோதும் ஒரு விசில் கட்டாயம்.

கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். (கடலூர்)

வெந்நீர். தாங்கக்கூடிய சூடு, சுமார் 45 டிகிரி. சூடு பார்ப்பது குத்தாத கையால். ஒரு மணி நேரம் முக்கி வைத்தால் வலி குறையும். முள் உள்ளே உடைந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவமனை, டெட்டனஸ் ஊசி. திருக்கைக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் நேரே ஆஸ்பத்திரி. தூண்டிலில் கடல்பாம்பு வந்தால் தூண்டில் இழையை அறுத்துவிடுங்கள். பத்து ரூபாய் கொக்கிக்கு ஆசைப்படவேண்டாம்.

தூரத்தில் இடி கேட்கிறது. மழை இல்லை. தொடரலாமா?

கிராஃபைட் ராட்டை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, சுற்றிலும் நீங்கள்தான் உயரமான பொருள். காதில் இடி விழுந்தால் கரை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம்.

இரண்டு பீர் மட்டும் ஐஸ் பெட்டியில்...

கரைக்கு வந்த பிறகு.

மீனுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நீலநிறக் கயாக் வாங்கினேன். (திருவொற்றியூர்)

படகுக்காரருக்கும் தெரியாது. ஆரஞ்சு ஜாக்கெட், ஆளுயரக் கம்பில் ஒரு கொடி, துடுப்பு முனையில் ஒளிரும் டேப். விடியுமுன் இறங்குகிறவர்கள் கையில் வெள்ளை டார்ச். எதிரே படகுச் சத்தம் கேட்டதும் அதை அடித்துக் காட்டவேண்டும்.

போகப் போக கயாக் ஒரு பக்கம் சாய்கிறது. பின்னால் தண்ணீர் ஆடும் சத்தமும் கேட்கிறது. மெழுகு பூசினால் சரியாகுமா? (காரைக்கால்)

மெழுகா! கயாக் வயிற்றுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. முதலில் டிரெயின் பிளக் (தண்ணீர் வடிக்கும் துளையின் மூடி) முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, நீங்களே துளை போட்டு மாட்டிய ராட் ஹோல்டர் ஸ்க்ரூக்களைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான். கயாக்குக்குள் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, புரட்டிப் போட்டு எங்கே கசிகிறது என்று தேடி, ரப்பர் வாஷரும் மரைன் சீலண்டும் வைத்து அடையுங்கள். அதுவரை இறங்கவேண்டாம். நடுக்கடலில் அந்தச் சத்தம் கேட்டால் ஹேட்சை (மேல்மூடியை) திறந்து பார்க்காதீர்கள், நேரே கரைக்கு வாருங்கள்.