கொழுகொம்பு இல்லாத கொடி

கேள்வி: என் தோட்டத்தில் ஒரு ஹனிசக்கிள் கொடி இருக்கிறது. நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வாடகை வீடு என்பதால் சுவரில் ஆணி அடிக்கவோ பந்தல் போடவோ முடியாது. கொடி தரையில் சுருண்டு கிடப்பதோடு பக்கத்தில் உள்ள ரோஜாவையும் சுற்றிக்கொள்கிறது. பிடுங்கிவிடச் சொல்கிறார்கள், மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: பிடுங்காதீர்கள். பந்தல் இல்லாமலும் இது வாழும், பூக்கும்.

முதலில் ரோஜாவைக் காப்பாற்றுங்கள். ஹனிசக்கிளுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. சுவரில் ஒட்டும் வேரும் கிடையாது. இளந்தண்டே எதையாவது சுற்றி மேலேறும். எதுவும் கிடைக்காவிட்டால் தன்னையே சுற்றிக்கொள்ளும். ரோஜாவின் தண்டு பருத்தாலும் அந்தச் சுற்று நெகிழாது, இறுக்கும். இழுத்துப் பிரித்தால் ரோஜாதான் ஒடியும். கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

அடுத்து, உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். இலைக்கக்கத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில், இரண்டிரண்டாகப் பூத்து, வெள்ளையாக மலர்ந்து ஓரிரு நாளில் மஞ்சளாகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஜப்பானிய ஹனிசக்கிள். ஒரே கொத்தில் வெள்ளையும் மஞ்சளும் கலந்து நிற்கும். மணம் மாலையில்தான் கூடும், அந்துப்பூச்சிகளை அழைக்க.

இடம் தாராளமாக இருந்தால், அதிலும் சரிவான நிலமாக இருந்தால், தரையிலேயே படரவிடுங்கள். தண்டுகளைச் சிக்கெடுத்து நாலாபக்கமும் பரப்பிவிட்டால் போதும். ஒரு தண்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்: மண்ணைத் தொட்ட கணுக்களில் வெள்ளை வேர்கள் இறங்கியிருக்கும். அவை மண்ணை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதே குணம்தான் ஆபத்தும். 1806இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஜப்பானிய வகை அங்கே காடுகளில் புகுந்து, இளமரங்களை மூடி அழிக்கும் களையாகிவிட்டது. வேலியைத் தாண்டும் தண்டைத் தயங்காமல் வெட்டுங்கள். பழம் பழுக்கும் முன்பே கிள்ளிவிடுங்கள். பறவைகள் விதையைத் தூரம் கொண்டுபோய்விடும். குழந்தைகள் அந்தப் பழத்தை வாயில் வைக்கக் கூடாது, வயிற்றுக்கு ஆகாது. வெட்டிய தண்டுகளையும் ஈர மண்ணில் போட்டுவைக்காதீர்கள்.

இடம் குறைவு என்றால் புதராக்கலாம். தடித்த தண்டுகளில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடியோடு வெட்டுங்கள். மிச்சத்தை முழங்கால் உயரத்துக்குக் குறையுங்கள். அதன்பின் நீண்டு சுழலத் தேடும் தளிர்நுனியை வாரம் ஒருமுறை கிள்ளுங்கள். தண்டு முற்றித் தானே நிற்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். அதுவரை மண்ணில் குத்திய ஒரு சிறு குச்சி தாங்கட்டும். பூ கொஞ்சம் குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. கவாத்து செய்யும் காலமும் முக்கியம். ஜப்பானிய வகை புதுத்தளிரில் பூக்கும், ஆகவே துளிர்விடும் முன் வெட்டலாம். சென்ற ஆண்டுத் தண்டில் பூக்கும் வகைகளைப் பூத்து முடிந்த உடனே வெட்ட வேண்டும். இவற்றைத் துளிர்விடும் முன் வெட்டினால் அந்த ஆண்டு பூ பெரிதும் குறையும்.

எந்த முறையானாலும் வேர்ப்பகுதி காயக் கூடாது. வறண்ட மண்ணும் காற்றோட்டமில்லாத நெரிசலும் சேர்ந்தால் இலையில் சாம்பல் நோய் வரும். காய்ந்த இலைகளை மூடாக்காகப் போடுங்கள். அசுவினி என்னும் செடிப்பேன் இளந்தளிரில் மொய்த்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும்.

இனிமேல் நடுகிறவர்கள் புதர் வகைகளையே கேட்டு வாங்கலாம். குளிர்காலம் முடியும் தறுவாயில், இலை குறைந்த கிளைகளில் மணக்க மணக்கப் பூக்கும் லோனிசெரா ஃபிராக்ரண்டிசிமா என்ற புதர் ஹனிசக்கிள் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குக் கொழுகொம்பே வேண்டாம்.

வாடகை வீடு என்றீர்களே, அதற்கும் ஒன்று. ஒரு கணுவைத் தொட்டி மண்ணில் பதித்து மேலே சின்னக் கல் வையுங்கள். வேர் பிடித்ததும் தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிட்டால் அது தனிச்செடி. வீடு மாறும் நாளில் அந்தத் தொட்டியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.