எவர்சில்வர் டம்ளருக்கு சில்வர் பெயின்ட் எதற்கு?

கேள்வி: ஆறு மாதமாக அக்ரிலிக்கில் வீட்டுப் பொருட்களை வரைந்து பழகுகிறேன். தக்காளி, வெங்காயம், மண்பானை எல்லாம் ஓரளவு அசலாக வந்துவிடுகின்றன. எவர்சில்வர் டம்ளரும் டபராவும் மட்டும் சிமென்ட் பூசிய மாதிரி இருக்கின்றன. சில்வர் கலர் டியூப் வாங்கிப் பூசியும் சரிவரவில்லை. எங்கே தப்பு?

பதில்: முதலில் அந்த டியூபை மூடி ஓரமாக வையுங்கள். அதிலிருக்கும் மினுக்குத் துகள்கள், பார்க்கிறவர் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும். ஒரு பக்கம் நின்றால் மினுங்கும், இன்னொரு பக்கம் நின்றால் அழுக்குச் சாம்பல். எந்த இடம் பளிச்சிட வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்காது.

தக்காளிக்குச் சிவப்பு சொந்தம். எவர்சில்வருக்கு அப்படிப் பெரிதாகச் சொந்த நிறம் கிடையாது, எல்லாம் எதிரே இருப்பதிடம் வாங்கிய கடன். டம்ளரை ஜன்னலோரம் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். உருளை வடிவம் என்பதால் ஜன்னல், கதவு, சுவர் எல்லாம் பக்கவாட்டில் நசுங்கி, செங்குத்துப் பட்டைகளாகத் தெரியும். ஒருமுறை என் டம்ளரில் நீலமாக ஒரு பட்டை விழுந்தது, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. மறுநாள் அது பச்சையாகிவிட்டது. பார்த்தால், நான் லுங்கி மாற்றியிருந்தேன்! அப்புறம் ஒரு படம் முடியும்வரை ஒரே உடுப்புதான்.

சிமென்ட் மாதிரி தெரிய முக்கியக் காரணம், மண்பானைக்குச் செய்த மாதிரியே இதிலும் வெளிச்சத்தை நிழலோடு தேய்த்துக் கலப்பது. பானையில் வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கும். பளபளப்பான உலோகத்தில் கிட்டத்தட்ட கறுப்பான பட்டைக்கு ஒட்டியே வெள்ளைப் பட்டை நிற்கும், நடுவே கத்தியால் கீறிய மாதிரி விளிம்பு. அந்த விளிம்பைத் தொடாதீர்கள்.

கறுப்பு டியூபும் வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்தால் நல்ல இருட்டு வரும். அதில் வெள்ளை சேர்த்து, நீலம் தூக்கலாக ஒரு சாம்பல், பழுப்பு தூக்கலாக ஒரு சாம்பல் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி டம்ளர் இதிலேயே முடிந்துவிடும். சுத்த வெள்ளை கடைசியில் இரண்டே இடத்துக்கு. பின்னணியும் வெள்ளையாக இருந்தால் அந்த இரண்டு புள்ளியும் எடுபடாது, ஒரு மங்கலான துணியை விரியுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே பக்கத்து வெளிச்சத்தில் வரையுங்கள். செல்போன் படத்தைப் பார்த்து வரைவதாக இருந்தால் அதையும் விடுங்கள். பளிச்சென்ற இடத்தையெல்லாம் கேமரா ஒரே வெள்ளையாக்கிவிடும்.

ஹாலந்து ஓவியர் வில்லெம் கிளாஸ் ஹேடா 1635இல் வரைந்த ஒரு சாப்பாட்டு மேசை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளிப் பாத்திரமும் ஈயத்தட்டும் அப்படி மின்னும், ஆனால் கிட்டே போனால் சாம்பலும் பழுப்பும்தான்.

பித்தளைக்குப் போகும்போது ஒன்று மாறும். தக்காளியின் மினுக்கு வெள்ளை, புளி போட்டுத் தேய்த்த சொம்பின் மினுக்கோ மஞ்சள் கலந்தது. அங்கே சுத்த வெள்ளை வைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். அப்புறம், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும். வெளிச்சப் பட்டைகளைக் காய்ந்த பிறகு பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கை போடுங்கள்.